போல்டன் ஓடிய தடம்: ஆக்ஸ்ஃபர்டிலிருந்து ப்ளக்ஸ்ட்ரீட் வரை

முதல் நாள்: ஆக்ஸ்ஃபர்ட்

ரொனால்ட் போல்டன் 1909 முதல் 1914 வரை இங்கிலாந்து ரக்பி அணிக்காக 17 ஆட்டங்கள் ஆடினார். 8 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), ஒரு டிராப் கோல் (பந்தைக் கீழே விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), கடைசிப் பருவத்தில் கேப்டன் பொறுப்பு. முதல் உலகப் போரில், 1915 மே 5 அன்று பெல்ஜியத்தில் குண்டடி பட்டு இறந்தபோது அவருக்கு வயது 25. அவர் வாழ்ந்த, ஆடிய, விழுந்த இடங்களை ஆறு ஊர்களில் அடக்கிவிடலாம். பெரும்பாலும் ரயிலிலேயே போய்விடலாம். இங்கிலாந்து விசா மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கடைசி இரண்டு ஊர்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, பெயரைப் பற்றியது. பிறந்தது முதல் 1914 வரை அவர் போல்டன்தான். தாய்மாமன் சொத்து வந்த பிறகே போல்டன் பால்மர் ஆனார். பழைய ஆட்டப் பட்டியல்களில் 'பால்மர்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. கல்லறைப் பதிவேட்டில் வெறும் 'போல்டன்' என்று தேடினாலும் அதே கதைதான். முழுப்பெயர் ரொனால்ட் வில்லியம் போல்டன். ஆட்டப் பதிவுகளில் இனிஷியலோடு 'ஆர். டபிள்யூ. போல்டன்' என்று பாருங்கள்.

1889 செப்டம்பர் 12இல் பிறந்தார். வீடு பான்பரி சாலையில், விக்கம் ஹவுஸ். ஆக்ஸ்ஃபர்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்குள் போகப் பார்வையாளர்களுக்கு வழியில்லை, தெருவில் நின்று பார்க்கலாம். அப்பா எட்வர்ட் பேக்னல் போல்டன் ஆக்ஸ்ஃபர்டில் விலங்கியல் பேராசிரியர், பூச்சிகளின் நிறங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவர் காத்து வளர்த்த பூச்சித் தொகுப்பு பார்க்ஸ் சாலை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம். மகன் இறந்த நான்கு வருடத்தில், 1919இல், அவன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டதும் இந்த அப்பாதான். ரொனால்டின் கடிதங்கள் இன்று நமக்குக் கிடைப்பது அதனால்.

வீட்டிலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் பார்ட்வெல் சாலையில் டிராகன் பள்ளி, அவருடைய முதல் பள்ளி. ஊர் நடுவில் பிராட் தெருவில் பேலியல் கல்லூரி. அங்கே அவர் படித்தது பொறியியல். அந்தத் துறையே ஆக்ஸ்ஃபர்டுக்கு அப்போது புதுசு. கல்லூரியைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். தேர்வு நாட்களிலும் விழா நாட்களிலும் கதவை மூடிவிடுவார்கள், வாசல் பலகையைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். செயின்ட் எப்ஸ் பகுதியில் ஏழை வீட்டுப் பையன்களுக்காகப் பேலியல் மாணவர்கள் நடத்திய கிளப்பில் போல்டன் மாலைகளைக் கழித்தார். அவர் படித்த படிப்பைவிட இந்தக் கிளப்தான் அவரை அதிகம் மாற்றியது என்பது எங்கள் கணிப்பு.

இஃப்லி சாலை மைதானத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் 1954இல் ரோஜர் பேனிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய இடம் என்றுதான் காட்டுவார்கள். பல்கலைக்கழக ரக்பி அணியின் வீடும் அதுவே.

போல்டன் எப்படி ஓடினார் என்பதை இங்கேயே சொல்லிவிட்டால் மற்ற ஊர்கள் புரியும். அவர் பந்தை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுபவரில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்புக்கு முன்னால் நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே போவார். ரக்பியில் பந்தை முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். ஒரு கையில் பந்து இருந்தால் எந்தப் பக்கம் கொடுக்கப் போகிறான் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையிலும் இருந்தால் இடமா, வலமா, கொடுப்பானா, தானே ஓடுவானா என்று எதுவும் தெரியாது. தடுக்க வருபவன் ஒரு கணம் குதிகாலில் நிற்பான். அதற்குள் இடுப்பை வளைத்து அவனைத் தாண்டிவிடலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எதிராளிக்குத் தெரியாதது தன் அணியில் ஆடுபவனுக்கும் தெரியாது. நடுவில் சென்டராக ஆடினால் பக்கத்தில் வருபவன் எப்போது பந்து வரும் என்று தெரியாமல் தடுமாறுவான். 1908இல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபர்ட் அவரை எடுக்கவில்லை. ஆனால் 1909 ஜனவரி 30இல் லெஸ்டரில் பிரான்ஸுக்கு எதிராக இங்கிலாந்து அவரை எடுத்தது, 22–0 என்று ஜெயித்தது. கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஆடுபவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் 'ப்ளூ' கௌரவத்தை வாங்குமுன் நாட்டுக்கு ஆடிவிட்டார். அந்த வருடக் கடைசியில் ஆக்ஸ்ஃபர்ட் அவரை ஓரத்தில் விங்காக நிறுத்தியது. அங்கே அவருக்கு வெளியே ஆள் கிடையாது, குழப்பமும் கிடையாது. நடந்ததை நான்காம் நாளில் பார்ப்போம்.

இரண்டாம் நாள்: ரக்பி

ஆக்ஸ்ஃபர்டிலிருந்து கவென்ட்ரிக்கு நேர் ரயில், முக்கால் மணிக்குச் சற்று மேல். அங்கே மாறினால் பத்து நிமிடத்தில் ரக்பி என்ற ஊர். காலை ஒன்பதரைக்கு முன் கிளம்பும் வண்டிகளில் கட்டணம் ஏகத்துக்கு ஏறும், அவசரப்படாதீர்கள். நிலையத்திலிருந்து ரக்பி பள்ளிக்கு இருபது நிமிட நடை.

1903இலிருந்து 1908 வரை போல்டன் இங்கே படித்தார். கவிஞர் ரூபர்ட் புரூக் அதே காலத்து மாணவர், அவரும் பள்ளி ரக்பி அணியில் ஆடியவர். புரூக் 1915 ஏப்ரல் 23இல் இறந்தார், போல்டன் அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

பள்ளிக்குள் போக முன்பதிவு வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் 'க்ளோஸ்' எனும் பெரிய மைதானத்தைச் சாலையோரக் கம்பி வேலி வழியே பார்த்துவிடலாம். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், ரக்பி ஆட்டம் பிறந்தது அப்படித்தான் என்று பள்ளிச் சுவரில் கல்வெட்டு உண்டு, தெருமுனையில் சிலையும் உண்டு. கதையை முழுசாக நம்ப வேண்டாம். எல்லிஸ் 1872இல் இறந்தார். இந்தக் கதை முதலில் எழுத்தில் வந்தது 1876இல், அதுவும் நேரில் பார்க்காத ஒருவர் எழுதியது. 1845இல் மாணவர்களே உட்கார்ந்து விதிகளை எழுதி வைத்தார்கள் என்பதற்குத்தான் கெட்டியான ஆதாரம் இருக்கிறது.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. செயின்ட் மேத்யூஸ் தெருவில் செருப்புத் தைப்பவரான வில்லியம் கில்பர்ட் கடை வைத்து இந்தப் பள்ளிக்குப் பந்து செய்தார். தோலுக்குள் பன்றியின் சிறுநீர்ப்பை, வாயால் ஊத வேண்டும். பையின் வடிவம்தான் பந்துக்கு அந்த நீள்வடிவத்தைத் தந்தது. பிறகு ரப்பர் பை வந்தது. போல்டன் ஆடிய காலத்துப் பந்து இன்றையதைவிடக் குண்டு. 1931இல்தான் சுற்றளவைக் குறைத்து ஒல்லியாக்கினார்கள். குண்டுப் பந்து காலால் உருட்டிக்கொண்டு போக வசதி, ஒரு கையால் பிடித்து எறிய வசதி இல்லை. தோல் நனைந்தால் கனமும் கூடும், வழுக்கவும் செய்யும். இரண்டு கைப்பிடிக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கில்பர்ட் கடை இருந்த இடத்தில் அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: ரெடிங்

இது பிஸ்கட் ஊர். அம்மா எமிலி, ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் கம்பெனியை வளர்த்தெடுத்த ஜார்ஜ் பால்மரின் மகள். 1900 வாக்கில் அந்தக் கம்பெனிதான் உலகத்திலேயே பெரிய பிஸ்கட் ஆலை. தகர டப்பாவில் அடைத்து, கப்பலில் ஏற்றி, இந்தியா உட்பட எங்கெங்கோ அனுப்பினார்கள். டப்பா இல்லாவிட்டால் கடல் ஈரத்தில் பிஸ்கட் நமுத்துப்போகும். அந்த டப்பாவே பிறகு சேகரிப்பவர்களின் பொருளாகிவிட்டது.

படிப்பு முடிந்து 1912இல் போல்டன் இங்கே வேலைக்கு வந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளை என்றாலும் ஆலையின் ஒவ்வொரு பிரிவிலும் வேலை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு இயந்திர அனுபவத்துக்காக மான்செஸ்டரில் மேதர் அண்ட் பிளாட் கம்பெனிக்குப் போனார். அப்போது லிவர்பூல் ரக்பி கிளப்புக்கு ஆடினார். ஒரே கிளப் அணியில் இங்கிலாந்தின் போல்டன், அயர்லாந்தின் டிக்கி லாய்ட், ஸ்காட்லாந்தின் ஃப்ரெட் டர்னர் என மூன்று நாட்டுக் கேப்டன்கள்! டர்னர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1913 அக்டோபரில் தாய்மாமன் ஜார்ஜ் வில்லியம் பால்மர் இறந்தார். பிள்ளை இல்லாதவர். பெரும் சொத்து மருமகனுக்கு, பால்மர் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேலைக்குப் போகாமல் ஆடுமளவுக்கு வசதி இருந்தும், தொழிலாளி ஒருவர் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்டுவதில் தப்பில்லை என்று பத்திரிகைக்கு எழுதியவர் இவர். காசுக்கு ஆடக்கூடாது என்ற அமெச்சூர் விதியைக் கட்டிக்காத்த அன்றைய ரக்பி நிர்வாகத்துக்கு அது ரசிக்கவில்லை.

ஆலையில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். கிங்ஸ் சாலையில் போய் ஆலையைத் தேடினால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில் நிலையத்துக்குப் பக்கத்தில், டவுன் ஹால் கட்டடத்திலுள்ள ரெடிங் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிஸ்கட் டப்பாக்களுக்கென்றே தனிக்கூடம் உண்டு. கட்டணம் கிடையாது, வார விடுமுறை உண்டு. அடுத்து ஃபார்பரி பூங்காவிலுள்ள மைவாண்ட் சிங்கச் சிலை. 1880 ஆப்கன் போரில் இறந்த பெர்க்ஷயர் படையினர் 329 பேரின் பெயர்கள் அடியில் உள்ளன. சிங்கத்தின் நடையைத் தப்பாக வடித்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று ஊரில் ஒரு கதை ஓடும். சிற்பி ஜார்ஜ் சிமன்ட்ஸ் 1929 வரை உயிரோடு இருந்தார். போல்டன் சேர்ந்ததும் இந்தப் பெர்க்ஷயர் படைதான், அதன் பகுதிநேரப் பிரிவான 4ஆவது பட்டாலியன்.

லண்டனிலிருந்து நேரே ரெடிங் வருபவர்களுக்கு: வங்கி அட்டையைத் தட்டி வரலாம், ஆனால் லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் ரெடிங் வரை செல்லாது. அபராதம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

நான்காம் நாள்: லண்டன்

காலையில் பாரன்ஸ் கோர்ட் சுரங்க ரயில் நிலையம். இறங்கினால் சில நிமிடத்தில் குவீன்ஸ் கிளப். இப்போது டென்னிஸ் இடம், உறுப்பினர் அல்லாதவர்களுக்கு வெளிச்சுவர் தரிசனம் மட்டும். 1909 டிசம்பரில் ஆக்ஸ்ஃபர்ட்–கேம்பிரிட்ஜ் ஆட்டம் இங்கே நடந்தது. ஆக்ஸ்ஃபர்ட் 35–3 என்று ஜெயித்தது. முந்தைய வருடம் வேண்டாமென்று விடப்பட்ட போல்டன் ஐந்து ட்ரை போட்டார்.

வாட்டர்லூவிலிருந்து டிவிக்கனம் அரை மணி நேரம். இங்கே ஆய்ஸ்டர் செல்லும், ஐந்தாம் மண்டலம். நிலையத்திலிருந்து விட்டன் சாலை வழியே பதினைந்து நிமிடம் நடந்தால் இங்கிலாந்து ரக்பி அணியின் மைதானம். ஆட்ட நாளில் சுற்றிக்காட்டல் கிடையாது, அருங்காட்சியகமும் டிக்கெட் உள்ளவர்களுக்கே. ஆகவே ஆட்ட அட்டவணையைப் பார்த்த பிறகு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

1907இல் பில்லி வில்லியம்ஸ் என்பவர் பார்த்துச் சொல்ல, இங்கிலாந்து ரக்பி நிர்வாகமான ரக்பி யூனியன் 10 ஏக்கர் காய்கறித் தோட்டத்தை வாங்கியது. 'முட்டைக்கோசுப் பாத்தி' என்ற பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. 1910 ஜனவரி 15இல் முதல் சர்வதேச ஆட்டம், வேல்ஸுக்கு எதிராக. வேல்ஸ் உதைத்த முதல் பந்தை இங்கிலாந்து கேப்டன் ஏட்ரியன் ஸ்டூப் பிடித்தார். எல்லோரும் செய்வதுபோல வெளியே உதைக்காமல் ஓடத் தொடங்கினார். பந்து கை மாறி ஓரத்துக்குப் போய் சாப்மன் ட்ரை போட்டார். பார்வையாளர்கள் உட்காரும் முன்னே புள்ளி விழுந்துவிட்டது. முடிவு 11–6. போல்டனும் அந்த அணியில் இருந்தார். ஸ்டூப் நடத்திய ஹார்லிக்வின்ஸ் கிளப்புக்கும் அவர் ஆடியவர். அந்தக் கிளப்பின் இன்றைய மைதானம் ஏ316 சாலைக்கு அப்பால், ஸ்டூப் பெயரிலேயே இருக்கிறது.

அன்றைய புள்ளிக்கணக்கு தெரியாமல் பழைய முடிவுகளைப் படித்தால் தலை சுற்றும். ட்ரை 3, அதற்குப் பின் உதைக்கும் கன்வர்ஷன் 2, பெனால்டி 3, டிராப் கோல் 4. ஓடிப்போய் வைக்கும் ட்ரையைவிட உதைக்கும் டிராப் கோலுக்கு அதிகம்! 1914 ஜனவரியில் வேல்ஸை இங்கிலாந்து 10–9 என்று இங்கேதான் வென்றது. இங்கிலாந்துக்கு இரண்டு ட்ரை, இரண்டும் கன்வர்ஷனோடு. வேல்ஸுக்கு ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன், ஒரு டிராப் கோல். ஒரு உதை தவறியிருந்தால் ஆட்டம் கைநழுவியிருக்கும். போல்டன் கேப்டனாக இருந்த அந்தப் பருவத்தின் மற்ற முடிவுகள்: அயர்லாந்தை 17–12, எடின்பரோவின் இன்வர்லீத்தில் ஸ்காட்லாந்தை 16–15, பாரிஸில் பிரான்ஸை 39–13. நான்கும் வெற்றி. அவற்றில் இரண்டு ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

ஸ்காட்லாந்தை வென்றால் கிடைப்பது கல்கத்தா கோப்பை. இது நிஜமாகவே கல்கத்தாவில் செய்தது. அங்கிருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப், இலவச மதுவை நிறுத்தியதும் ஆள் குறைந்து கலைந்தது. வங்கியில் இருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி, இந்தியக் கைவேலையில் கோப்பை செய்து 1878இல் ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கைப்பிடிகள் மூன்று நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. அருங்காட்சியகத்தில் கேளுங்கள், கோப்பை அந்த வருடம் யார் வசம் என்பதைப் பொறுத்து எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். 2025இல் இதே டிவிக்கனத்தில் ஆட்டம் மறுபடி 16–15 என்றே முடிந்தது. 1914இல் இன்வர்லீத்தில் ஆடிய 30 பேரில் 11 பேர் போரில் மாண்டார்கள்.

ஐந்தாம் நாள்: கொலோம்ப்

செயின்ட் பாங்க்ரஸிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார், சுமார் இரண்டே கால் மணி. இரு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிவதால் ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பாரிஸின் சான் லசார் நிலையத்தில் 'ஜே' தடத்து வண்டி ஏறி, பாரிஸை ஒட்டிய கொலோம்பில் 'ல ஸ்தாத்' என்ற நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடக்கும் தூரம். இன்றைய பெயர் இவ் துய் மனுவார் மைதானம். 1924 ஒலிம்பிக்ஸின் முக்கிய மைதானம், 2024இல் ஹாக்கி நடந்த இடம். போல்டன் பார்த்த கட்டடம் ஏதும் மிச்சமில்லை.

1914 ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். இங்கே பிரான்ஸுக்கு எதிராக இங்கிலாந்து ஒன்பது ட்ரை போட்டது, ஆறு கன்வர்ஷன். அதில் போல்டன் நான்கு, மறு ஓரத்தில் சிறுத்த உடம்புக்காரர் சிரில் லோ மூன்று. போருக்கு முன் இங்கிலாந்து ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். பாரிஸில் நேரம் குறைவு என்றால் இந்த நாளைக் கைவிட்டு நேரே லில் போய்விடுங்கள், குறை ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள்: ப்ளக்ஸ்ட்ரீட்

பாரிஸின் கார் து நோரிலிருந்து லில் ஒரு மணி நேரம். லில் ஃப்லாந்தர் நிலையத்தில் உள்ளூர் வண்டி ஏறினால் இருபது நிமிடத்தில் ஆர்மென்தியேர். அங்கிருந்து எல்லை தாண்டி சுமார் 8 கி.மீ. பஸ் உண்டு, சனி ஞாயிறுகளில் நம்ப முடியாது. தரை சமமானது, சைக்கிள் நல்ல யோசனை. டாக்சி எடுத்தால் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிவிடுங்கள், கல்லறைப் பக்கம் டாக்சி கிடைக்காது.

ஊர் நீங்குமுன் லீஸ் ஆற்றுக்கு அக்கரையில் போன் த நியெப். 1915 ஏப்ரல் 14இல் இங்கே இரண்டு படைப்பிரிவுகள் ரக்பி ஆடின. போல்டன் தலைமையில் தெற்கு மிட்லண்ட் பிரிவு 17–0 என்று ஜெயித்தது. அவர் ஆடிய கடைசி ஆட்டம். நடுவர் அயர்லாந்தின் பழைய வீரர் பேசில் மக்ளியர், அடுத்த மாதம் அவரும் போனார்.

பெர்க்ஷயர் பட்டாலியன் மார்ச் கடைசியில் பிரான்ஸ் வந்து, ப்ளூக்ஸ்டேர்ட் காட்டோரத்தில் நிறுத்தப்பட்டது. ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அது ப்ளக்ஸ்ட்ரீட். வடக்கே ஈப்பரில் பெரும் சண்டை நடந்துகொண்டிருக்க, இது 'அமைதியான' பகுதி. அமைதி என்றால் பீரங்கி குறைவு, மறைந்திருந்து சுடுபவர்கள் அதிகம். இந்த மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆழமாகப் பதுங்குகுழி வெட்ட முடியாது, மண்மூட்டைகளைத் தரைக்கு மேலே அடுக்கித்தான் சுவர் எழுப்ப வேண்டும். அந்தச் சுவரும் கூரையும் சரிந்துகொண்டே இருக்கும். பகலில் தலை தூக்க முடியாது, இரவில்தான் பழுது பார்க்கலாம். கூரைமேல் ஏறினால் சுவரின் மறைப்பு கிடையாது. மே 5, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம். பதுங்கிடத்தின் கூரைவேலையை மேற்பார்த்து நின்ற போல்டன் மீது ஒரு குண்டு பாய்ந்தது. அங்கேயே இறந்தார். 'இனி டிவிக்கனத்தில் ஆட மாட்டேன்' என்பது கடைசி வார்த்தை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அடிபட்ட உடனே இறந்தவர் எப்படி அதைச் சொல்லியிருப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லறை என்365 சாலையோரத்தில், ஈப்பரிலிருந்து தெற்கே 12.5 கி.மீ. தூரத்தில் உள்ளது. வருபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். சாலைக்கு இருபுறமும் இடுகாடு. ஒரு பக்கம் இரண்டு கல்சிங்கங்கள் காவல் நிற்க, வட்ட வடிவ நினைவு மண்டபத்தோடு இருப்பது 'பெர்க்ஸ் செமட்ரி எக்ஸ்டென்ஷன்'. பெயரைப் பார்த்ததும் அங்கே நுழைந்து வரிசை வரிசையாகத் தேடுவார்கள். மண்டபச் சுவரில் 11,000க்கு மேற்பட்ட பெயர்கள், கல்லறை கிடைக்காதவர்களுடையவை. போல்டனுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம், சின்னது: 'ஹைட் பார்க் கார்னர் ராயல் பெர்க்ஸ் செமட்ரி'. 1915 ஏப்ரலில் அவருடைய பட்டாலியனே தொடங்கிய இடம். 83 காமன்வெல்த் கல்லறைகள், நான்கு ஜெர்மானியர்கள். வரிசை 'பி', எண் 11. வாசல் சுவரிலுள்ள சிறு பெட்டியைத் திறந்தால் பதிவேடு இருக்கும்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று மாலை 7 மணிக்கு மண்டபத்தில் மாண்ட வீரர்களுக்கான 'லாஸ்ட் போஸ்ட்' எக்காளம் ஊதுவார்கள். அதைக் கேட்க வேண்டுமானால் திரும்பும் வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சைக்கிளில் வந்தவர்கள் வடக்கே இன்னும் சுமார் 10 கி.மீ. மிதித்தால் கெம்மல் ஊர் வரும். லிவர்பூல் அணியில் போல்டனோடு ஆடிய ஃப்ரெட் டர்னர் 1915 ஜனவரியில் இறந்து அங்கே தேவாலய முற்றத்தில் புதைக்கப்பட்டார். கெம்மல் குன்று ஏற்றம் கொஞ்சம் கடினம்; குன்றுக்கு மேலே போகாமல் ஊருக்குள் நேரே போனால் தேவாலயம் வந்துவிடும்.